பி பிளாக் கீழே நிற்கும் வண்டி
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். வண்டியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டிலும் எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பி பிளாக் தூணுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி, நான்கு சக்கரத்திலும் காற்றில்லாமல் ஒன்பது வருடம் நின்ற பிக்அப் வண்டியை உங்களுக்குத் தெரியும். சென்ற பொதுக்குழுவில் அகற்ற வேண்டிய வாகனங்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். மூன்று ஸ்கூட்டர், ஒரு மாருதி, கடைசியாக இது. பழைய இரும்புக்காரர் எடைக்கு 38,000 ரூபாய் சொன்னார். வண்டிக்கு உரிய அம்மாவும் சரி என்றுவிட்டார். "அவர் போனப்புறம் அதை வெச்சிக்கிட்டு நான் என்னங்க பண்ணப்போறேன்" என்றார். அவர் அனுமதியோடுதான் இதையெல்லாம் பேசுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று நான் குறுக்கே பேசியது பழம்பொருள் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. "அம்மா, ஆர்.சி. புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்து வாங்க" என்றேன். முப்பத்து மூன்று வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குப் பொருளைவிடக் காகிதம்தான் முதலில் கண்ணில் படும்.

புத்தகம் வந்தது. நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. முதல் பதிவு 1968. சரக்கு வாகனம். 1971-ல் பெயர் மாற்றம், இந்த அம்மாவின் மாமனார் பெயருக்கு. அதே பக்கத்தில் ஒரு வங்கியின் அடமானக் குறிப்பு. 1986-ல் எஞ்சின் மாற்றிய பதிவு. அவ்வளவுதான். மாமனாரும் இல்லை, கணவரும் இல்லை. வண்டி இன்னும் மாமனார் பெயரில், வங்கிக்கு அடமானமாகவே இருந்தது.

இந்த நிலையில் எடைக்குப் போட்டால் என்ன ஆகும்? வண்டி உடைந்து போகலாம், பதிவு உடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி, ஒரு வண்டி அழிந்துவிட்டாலோ இனி ஓடவே ஓடாது என்றாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். செய்யாவிட்டால் அந்த எண்ணும் சேஸ் எண்ணும் காகிதத்தில் உயிரோடு இருக்கும். யாராவது வேறொரு வண்டியில் அதை ஏற்றினால் போலீஸ் தேடி வருவது ஆர்.சி.யில் இருக்கும் விலாசத்துக்குத்தான். உங்கள் ஸ்கூட்டரை எடைக்குப் போட்ட மூன்று பேரும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

காகிதத்தைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. உரிமையாளர் இறந்தால் வாரிசு 31-ஆம் எண் படிவம் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மூன்று மாதத்துக்குள் என்பது விதி. இங்கே இரண்டு தலைமுறை தாண்டிவிட்டது. இரண்டு இறப்புச் சான்றிதழ், இரண்டு வாரிசுச் சான்றிதழ், பிரான்ஸில் இருக்கும் மகனின் ஒப்புதல் எல்லாம் வேண்டியிருந்தது. அடமானத்தை நீக்க 35-ஆம் எண் படிவத்தில் வங்கியின் கையெழுத்து வேண்டும். கடன் எப்போதோ அடைந்திருக்கும். கட்டி முடித்ததும் ஆர்.சி.யில் அடித்துவிட வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. இப்போதும் நம்மில் பல பேர் கார் கடனை முடித்துவிட்டு அப்படியேதான் விட்டு வைத்திருக்கிறோம். பேரேடு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை, இருக்காது என்று தெரியும். "இன்றைய தேதியில் இந்தக் கணக்கில் நிலுவை எதுவும் இல்லை" என்று ஒரு வரிக் கடிதம் கேட்டேன். நான்காவது நடையில் கிடைத்தது.

இந்த அடமானக் குறிப்பு ஒரு குடும்பக் கதையையும் திறந்துவிட்டது. மாமியாரின் நகைகளை விற்றுத்தான் மாமனார் வண்டி வாங்கினார் என்பது அந்த வீட்டில் வழிவழியாக வந்த மனக்குறை. ஆர்.சி.யோ வங்கிக் கடன் என்கிறது. எது உண்மை? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். 1969 ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு, அதுவரை வங்கிப் படி ஏறாத சிறு வியாபாரிகளுக்கும் சிறு போக்குவரத்துக்காரர்களுக்கும் கடன் கிடைக்க ஆரம்பித்தது. ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவரும் முன்னுரிமைக் கடனுக்குள் வந்தார். ஆனால் எந்த வங்கியும் முழு விலையைத் தருவதில்லை. மார்ஜின் என்று ஒரு பங்கை வாங்குபவர்தான் போட வேண்டும். நகை அங்கேதான் போயிருக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னபோது வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ எல்லாத்தையும் விக்கலியா" என்று கேட்டார்.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் டொலீடோ நகரத்து வில்லிஸ் கம்பெனி, இரண்டாம் உலகப் போருக்கு ஜீப் செய்த அதே கம்பெனி, 1950-களில் முன்பக்க மூக்கே இல்லாத ஒரு சிறு டிரக்கைக் கொண்டு வந்தது. எஞ்சின் டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். நீளம் குறைவு, சரக்குத் தட்டு பெரிது. எஃப்.சி.-150 என்று பெயர். ஜீப்புக்காக வில்லிஸுடன் ஏற்கெனவே கைகோத்திருந்த மஹிந்திரா இதை 1960-களில் இங்கே செய்யத் தொடங்கியது. கோடையில் எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்கும் என்பதைத் தவிர நல்ல வண்டி. முதலில் இருந்தது ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், 2.2 லிட்டர். காற்று உள்ளே போகும் வால்வு மேலே, புகை வெளியே போகும் வால்வு பக்கவாட்டில் என்று ஒரு விசித்திரமான அமைப்பு. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும்.

அதனால்தான் 1986-ல் மாற்றியிருக்கிறார்கள். 1979-ல் மஹிந்திரா பிரான்ஸின் பேஜோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி, நாசிக் பக்கம் இகத்புரியில் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின் செய்தது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், அதுதான் அந்தப் பெயர். நாடெங்கும் பழைய பெட்ரோல் ஜீப்புகள் இந்த எஞ்சினுக்கு மாறின. பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது 1954 நவம்பர் 1. முப்பத்திரண்டு வருடம் கழித்துப் பிரெஞ்சு எஞ்சின் நம் ஊர் வண்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் மகாராஷ்டிரம் வழியாக!

மேட்டுப்பாளையத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டோம். மேலே இருந்த நீலப் பெயின்டைச் சுரண்டச் சுரண்டக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. மஞ்சளில் 'பப்ளிக் கேரியர்' என்ற எழுத்து. பச்சையில் 'பிரைவேட் கேரியர்'. 1939-ஆம் வருட மோட்டார் சட்டத்தில் இரண்டும் வேறு. பிரைவேட் என்றால் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றலாம். பப்ளிக் என்றால் வாடகைக்கு ஓட்டலாம். ஆக, முதல் உரிமையாளர் ஒரு வியாபாரி. 1971-ல் வாங்கிய மாமனார் வாடகைக்கு ஓட்டியவர்.

எதை ஏற்றினார்? சரக்குத் தட்டின் தகட்டில் கம்பெனி போடாத ஏழு துளைகள் இருந்தன. துரு ஓரத்தில் இல்லை, நடுவில் மேலிருந்து கீழாக அரித்திருந்தது. சேஸ் சட்டத்தின் உள்ளே கை விட்டால் உமி. டிங்கர் சிரித்தார்: "சார், இது ஐஸ் வண்டி." உமி போட்டு ஐஸ் பார் அடுக்கினால் உருகும் தண்ணீர் வெளியேறத் துளை வேண்டும். வைத்திக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்களிடம் கைபேசியில் படத்தைக் காட்டினேன். "மூக்கில்லா வண்டி" என்றார் ஒருவர், உடனே. மணலில் இறங்கி, படகு ஓரம் வரை வந்து ஐஸ் இறக்குமாம். கூடுதலாக ஒரு கியர் கம்பி இருக்கிறதே, நான்கு சக்கரமும் இழுக்க, அது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலையைச் சொல்லி முடியாது. சேஸில் இரண்டு இடத்தில் தகடு வைத்து வெல்டிங். தட்டு முழுவதும் புதிது. பிரேக் சிலிண்டர்கள், ஹோஸ்கள், வயரிங் எல்லாம் மாற்றினோம். கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடினோம். அங்கேயும் இல்லாத இரண்டு புஷ்ஷை லேத்தில் கடைந்து வாங்கினோம். ஆர்.டி.ஓ.வுக்குச் சேஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். துருவுக்கு அடியில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே மண்ணெண்ணெயும் துணியுமாக இரண்டு மாலை உட்கார்ந்தேன். மொத்தச் செலவு 2,14,600 ரூபாய். மகன் அனுப்பினார். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சங்கப் பணம் ஒரு ரூபாய் இல்லை.

"விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாமே" என்று சிலர் கேட்டீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்கு விதி கொண்டு வந்தது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே சாலையில் எடுக்கலாம். அந்த விதியின் 2020 வரைவு இரு சக்கர வாகனங்களையும் பயணிகள் காரையும்தான் சொன்னது. சரக்கு வண்டி அதில் இல்லை. டீசல் எஞ்சினைக் கழற்றி எங்கேயாவது ஒரு ஹரிக்கேனைத் தேடிப் பொருத்தலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. அதில் ஓடியவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போட்ட எஞ்சின் அது. நகை விற்ற குடும்பம் பெட்ரோல் செலவு தாங்காமல் மாற்றியதை நாம் அழகுக்காகப் பிடுங்குவதா? அம்மாவிடம் கேட்டேன். "அவர் இருந்தப்ப இருந்த சத்தமே இருக்கட்டும்" என்றார்.

ஆர்.சி. இப்போது அவர் பெயரில் இருக்கிறது. அடமானம் நீங்கிவிட்டது. தகுதிச் சான்று வரும்வரை வண்டி சாலைக்குப் போகாது. ஞாயிறு காலை ஏழரைக்குக் காம்பவுண்டுக்குள் பத்து நிமிடம் ஓடும். புகை துணியில் படுகிறது என்று சி பிளாக்கில் சொன்னீர்கள், இனி கேட் பக்கம் வைத்து ஸ்டார்ட் செய்கிறோம். எண்ணெய் சொட்டுவதற்குத் தட்டு வைத்தாயிற்று.

கதவில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறோம். பச்சைப் பெயின்டில் முதல் உரிமையாளரின் கடைப் பெயர், கடைசி மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது: '...அண்டு சன்ஸ்' என்பதில் 'சன்ஸ்'. உங்களில் யார் வீட்டிலாவது 1968 முதல் 1971 வரை கடைத்தெருவில் எடுத்த பழைய புகைப்படம் இருந்து, ஓரத்தில் மூக்கில்லாத ஒரு பச்சை வண்டி தெரிந்தால், ஏ பிளாக் தரைத்தளத்துக்கு எடுத்து வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.