கோடை விடுமுறையில் குருத்தணு ஆராய்ச்சி



சென்ற கோடையில் எங்கள் மகள் பெங்களூரில் இரண்டு மாதம் தங்கி என்ன கண்டுபிடித்தாள் என்று காலனியில் பலரும் வினவுகின்றனர். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இளங்கலை விலங்கியல் பயிலும் அவளுக்கு, பெங்களூர், தில்லி, பிரயாகராஜ் நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்தில் இடம் கிடைத்தது. உதவித்தொகையும் இரயில் கட்டணமும் உண்டு. ஆயினும், ஊருக்குப் போகும் பாஸில் ஒரு பெயர் குறைந்ததில் அவள் தாயாருக்கு மிகுந்த மனத்தாங்கல்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்டவை பிளனேரியா என்னும் தட்டைப்புழுக்கள். விரல் நக நீளமே உள்ள இப்புழுவின் தலையை வெட்டினால், இரண்டு வாரத்தில் கண்ணும் மூளையுமாகப் புதுத்தலை முளைத்துவிடுகிறது. உடலில் 279-இல் ஒரு பங்கே உள்ள துண்டும் முழுப்புழுவாக வளரும் என்று 1898-இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் எழுதினார். உடலெங்கும் பரவியுள்ள குருத்தணுக்களே இதற்குக் காரணம். தோலாகவோ நரம்பாகவோ குடலாகவோ இன்னும் ஆகாத உயிரணுக்கள் அவை. கதிர்வீச்சால் அவை யாவும் அழிந்த புழுவினுள் ஒரேயொரு குருத்தணுவைச் செலுத்த, புழு பிழைத்தெழுந்ததை 2011-இல் அமெரிக்காவில் காட்டினர்.

ஒரு குறிப்பிட்ட ஜீனை அடக்கினால் கண் முளைக்குமா என்று பார்ப்பது அவள் பணி. அடக்கும் ஆர்.என்.ஏ.யை ஈரலில் கலந்து ஊட்டுகின்றனர். முதல் தொகுதிக்கு ஊட்டிய மாலை, தண்ணீர் மாற்ற மறந்துபோனாள். எஞ்சிய ஈரல் அழுகி, திங்கட்கிழமை அத்தனை புழுக்களும் கரைந்து கிடந்தன. தொலைபேசியில் அழுதாள். தந்தையும் தமையனுமாக நாங்கள், "வந்துவிடு அம்மா" என்றோம். போகவே கூடாதென்று தடுத்த தாயாரோ தொலைபேசியைப் பறித்து, "பால் திரிந்துபோனால் அடுப்பங்கரையை விட்டா ஓடுவார்கள்? மறுபடி வை" என்றார்.

மறுபடி வைத்தாள். ஜீனை அடக்கிய புழுக்களுக்கும் அடக்காதவற்றுக்கும் ஒன்றுபோலவே கண் முளைத்தது. கண்ணுக்கு அந்த ஜீன் வேண்டியதில்லையா, அன்றி அது அடங்கவே இல்லையா? அதைச் சோதிக்குமுன் இரண்டு மாதமும் முடிந்துவிட்டது.

செத்த புழுக்களின் கணக்கையும் பதிவேட்டில் எழுதச் செய்தாராம் அவள் வழிகாட்டி. பிழையை அழிக்கலாகாது, ஒரு கோடிட்டு, அருகில் திருத்தித் தேதியிட வேண்டும். எங்கள் அலுவலகப் பேரேட்டிலும் அதுவே விதி. அதை இத்தனை பெருமையாக எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை! அப்பதிவேடு ஆய்வுக்கூடத்திற்கே உரியது, அவள் கொண்டுவரவில்லை. வேறொரு மாணவர் அதைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

விண்ணப்பத்தைக் கோடைக்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். விரும்பும் பிள்ளைகள் மாலை வேளையில் எங்கள் வீட்டிற்கு வரலாம். எழுதும் முறையை அவள் காட்டித் தருவாள்.