நடந்துகொண்டே எண்ணுதல்: முதியோர் மனநல ஆய்வில் ஒரு சோதனை

நடை தானாக நிகழும் செயல் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும் வயது ஏற ஏற, அடியெடுத்து வைக்கவும் உடலை நிலைநிறுத்தவும் மூளையின் முன்மடல் செலுத்த வேண்டிய கவனம் மிகுகிறது என்பதும், அதே கவனத்தைப் பேச்சோ கணக்கோ பங்கு கேட்கும்போது இரண்டில் ஒன்று தளர்கிறது என்பதும் இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். இத்தளர்வை அளப்பதே இருபணிச் சோதனை.

சுவீடனில் 58 முதியோரிடம் நடத்தப்பெற்று 1997இல் வெளிவந்த ஆய்வில், உடன் நடப்பவர் பேச்சுக் கொடுத்ததும் 12 பேர் நின்றுவிட்டனர். அவர்களுள் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்தனர். எந்தக் கருவியும் இன்றிக் கிடைத்த இக்குறிப்பே இத்துறையில் பின்வந்த பலவற்றுக்கும் வழி திறந்தது.

சோதனை எளியது. தரையில் கோடிட்ட தொலைவை முதியவர் முதலில் இயல்பாக நடந்து கடக்கிறார். பின்னர் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே நடக்கிறார். நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்பது வரை ஒழுங்காக விழுந்த அடி, அடுத்த எண்ணைத் தேடும் கணத்தில் குறுகுகிறது. கை சுவரை நாடுகிறது. இயல்பான வேகத்தில் குறைந்த பங்கை நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது 'இருபணி இழப்பு' எனப்படும். நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தவர் எண்ணும்போது முக்கால் மீட்டரே நடந்தால் இழப்பு 25 விழுக்காடு. மூட்டுவலியால் மெல்ல நடப்பவரும் இங்குத் தம்மோடுதான் ஒப்பிடப்படுகிறார். இவ்வளவையின் நேர்மை அதில் இருக்கிறது. கனடாவில் லேசான அறிதிறன் குறைபாடு உடைய 112 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், மறதிநோய்க்கு முன்னறிகுறியாக நின்றது வெறும் மெதுநடை அன்று, இவ்விழப்பே என்று தெரியவந்தது.

எழுத்தறியாத முதியோர் மிகுந்த நம் ஊர்களில், தாளும் எழுதுகோலும் வேண்டும் தேர்வுகள் மூளையை விடப் பள்ளிப்படிப்பையே அளந்துவிடுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத்துகளைச் சொல்லச் செய்யும் அயல்நாட்டு முறையை, பலகை பிடித்தறியாத பாட்டியிடம் அப்படியே கொண்டுசெல்வதும் அதே பிழையாகும். விலங்குகளின் பெயர்களை அடுக்கச் சொல்லலாம்; சனி, வெள்ளி, வியாழன் எனக் கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் செய்யலாம்.

மனச்சோர்வும் நடையை மெதுவாக்கி அடியைக் குறுக்குவதால், இழப்பு மிகுந்தவரை உடனே மறதிநோயாளி என்று குறிப்பது கொடுமையாகும். உறக்கம், பசி, அண்மையில் நேர்ந்த இழவு ஆகியவற்றைக் கேட்டறியாமல் முடிவுரைக்கலாகாது. சோர்வு மருத்துவத்தால் பெரிதும் தணிக்கத்தக்கது.

குறிப்பேட்டில் நொடிகளோடு தவறிய விடைகளும் பதியப்பட வேண்டும். நடையைக் காக்கக் கணக்கை விட்டவரையும் கணக்கைக் காக்க நடையைத் தளரவிட்டவரையும் ஒரே எண்ணால் அளத்தல் தகாது. பின்னவருக்கு விழும் இடர் மிகுதியாதலால், சோதனை முடியும்வரை ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் உடன் நடந்து வருதல் வேண்டும்.