மைக் முன்னால் ஒரு பேராயர்

இந்த வாரம் நம்ம ஆள் ஒரு கத்தோலிக்கப் பேராயர். நான் மதம் பக்கம் அதிகம் போகாத ஆள்னு ரெகுலரா கேக்கறவங்களுக்குத் தெரியும். என்னை இவர்கிட்ட இழுத்தது ஒரு டேப் ரெக்கார்டர்.

பேர் ஆஸ்கர் ரொமேரோ. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார்னு ஒரு குட்டி நாடு. அதன் தலைநகர் சான் சால்வடாரின் பேராயர். 1978 மார்ச் 31-லிருந்து அன்றாடம் நடந்ததை டேப்பில் பேசிப் பதிவு செய்துவந்தார். எழுதாத டைரி. கடைசிப் பதிவு 1980 மார்ச் 20. நாலு நாள் கழித்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1917-ல் ஒரு மலையூரில் பிறந்தவர். அப்பா தபால், தந்தி வேலை பார்த்தவர். பையன் கொஞ்ச நாள் தச்சு வேலை கத்துக்கிட்டான், அப்புறம் குருமடம். 1942-ல் ரோமில் குருப்பட்டம். ஊர் திரும்பி சான் மிகேல் மறைமாவட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல். அங்கேயே அவருடைய ஞாயிறு மறையுரையை அஞ்சு ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்பின. ஆக, மைக் அவருக்குப் புதுசில்லை. ஆனால் கூச்ச சுபாவி, புத்தகப் புழு, அரசியல் பேசும் பாதிரியார்களைக் கண்டாலே கொஞ்சம் எரிச்சல்.

1974-ல் சான்டியாகோ டி மரியாவின் ஆயர் ஆனார். காபித் தோட்டங்கள் உள்ள பகுதி. நிலம் சில குடும்பங்களின் கையில், கூலி மத்தவங்களுக்கு. அடுத்த வருஷம் ஜூன் மாதம், அவருடைய மறைமாவட்டத்தில் ட்ரெஸ் காயேஸ் என்ற கிராமத்தில் தேசியக் காவல் படை விவசாயிகளைக் கொன்றது. ரொமேரோ போனார், குடும்பங்களுக்கு ஆறுதல் சொன்னார். அப்புறம் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தனிப்பட்ட கடிதம். வெளியே ஒரு வார்த்தை இல்லை. எங்க ஆபீஸ்ல இதுக்கு 'ஆஃப்லைன்ல பேசிக்கலாம்'னு பேர்.

1977 பிப்ரவரியில் இவரைப் பேராயர் ஆக்கினதும் பணக்காரர்களுக்கு நிம்மதி, ஏழைகளோட வேலை செஞ்ச பாதிரியார்களுக்கு ஏமாற்றம். மார்ச் 12-ம் தேதி, அவருடைய நண்பர், இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராண்டேயைச் சுட்டுக் கொன்றார்கள். கூடப் போன ஒரு முதியவரையும் ஒரு சிறுவனையும் சேர்த்து. இந்தத் தடவை ரொமேரோ கடிதத்தோட நிறுத்தலை. அடுத்த ஞாயிறு மறைமாவட்டம் முழுக்க எல்லாத் திருப்பலிகளையும் ரத்து செய்தார். பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி. போப்பின் தூதரே வேண்டாம்னு எதிர்த்தார். விசாரணை நடக்கும்வரை அரசு விழா எதுக்கும் வரமாட்டேன்னு சொன்னவர், ஜூலையில் புது ஜனாதிபதி பதவியேற்புக்கும் போகலை. (அந்த ஜனாதிபதி பேரும் ரொமேரோதான். சொந்தக்காரர் எல்லாம் இல்லை.)

நான் அதிகம் யோசிச்சது அவருடைய ஞாயிறு ஒலிபரப்பைப் பத்தித்தான். மறைமாவட்டத்தின் ரேடியோ, ஒய்எஸ்ஏஎக்ஸ். மறையுரை ஒரு மணி நேரம் தாண்டும். முதல் பாதி பைபிள். பிறகு அந்த வாரத்துச் செய்தி: யார் கொல்லப்பட்டார், யாரைக் காணோம், எந்த ஊர், எந்தத் தேதி. பிள்ளையைத் தேடி அலைஞ்ச அம்மாக்கள் அவர்கிட்ட வந்தாங்க. சட்ட உதவி அலுவலகம் ஒவ்வொரு புகாரையும் பதிவு செய்தது. பெரிய பத்திரிகைகள் போடாத பேரை அவர் மைக்கில் வாசித்தார். என் தொழில்ல இதை லாக்னு சொல்லுவோம். கோபம், அடைமொழி எதுவும் வேண்டாம்; பேரும் தேதியும் இருந்தா அப்புறம் யாரும் 'நடக்கவே இல்லை'னு சொல்ல முடியாது.

சங்கடமான ஒரு விஷயம். யாராவது கோவிச்சுக்குவாங்கன்னு நான் ஒரு எபிசோட்ல ரெண்டு நிமிஷம் வெட்டியிருக்கேன். ஒரே ஒரு மெயில் மிரட்டல்கூட வரலை, நானா பயந்து வெட்டினது. இவர் நிலையத்துக்கு வெடிகுண்டே வெச்சாங்க.

1980 பிப்ரவரி 17-ல், ராணுவ உதவி அனுப்பாதீங்கன்னு அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கு எழுதின கடிதத்தைத் திருப்பலியில் வாசித்தார். கவனிங்க, இதுவும் ஜனாதிபதிக்குக் கடிதம்தான். ஆனா இந்தத் தடவை ஊர் கேட்க. மறுநாள் குண்டு வெடிச்சு நிலையம் போச்சு. அடுத்த ஞாயிறு கோஸ்டா ரிகாவிலிருந்து ஒரு சிற்றலை ரேடியோ அவர் குரலை ஒலிபரப்பியது. மார்ச் 23-ல் ஒய்எஸ்ஏஎக்ஸ் திரும்பி வந்தது. அன்னிக்குத்தான் அவர் சிப்பாய்களிடமே நேராகப் பேசினார்: நீங்க கொல்றது உங்க சொந்த சகோதரர்களை, கடவுளின் சட்டத்துக்கு எதிரான உத்தரவுக்கு யாரும் கீழ்ப்படிய வேண்டியதில்லை, அடக்குமுறையை நிறுத்துங்க.

மறுநாள் மாலை, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் சிற்றாலயம். அந்த வளாகத்தில்தான் ஒரு சின்ன வீட்டில் அவர் தங்கியிருந்தார். ஒரு பத்திரிகையாளருடைய அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. மறையுரை முடிஞ்ச கையோட வாசலிலிருந்து ஒரே ஒரு தோட்டா. அவருக்கு வயசு 62. இறுதிச் சடங்கில் கூடின கூட்டத்திலும் குண்டும் துப்பாக்கிச் சூடும்; அங்கேயும் பலர் செத்தாங்க. அப்புறம் வந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர். உத்தரவு போட்டது முன்னாள் ராணுவ அதிகாரி ராபர்ட்டோ டௌபுய்சோன்னு 1993-ல் ஐ.நா. உண்மை ஆணையம் சொன்னது. சில நாளிலேயே அந்த நாட்டு நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. திருச்சபை அவரைப் புனிதராக அறிவிச்சது 2018-ல்.

அந்தக் கடைசித் திருப்பலிக்கும் ஒலிப்பதிவு இருக்கு. அமைதியாப் பேசிட்டே இருக்கார். அப்புறம் அந்தச் சத்தம். இந்த எபிசோட்ல சேர்க்கலாம்னு எடுத்து வெச்சேன், சேர்க்கலை. அதுக்கு பதிலா மார்ச் 23 மறையுரையின் லிங்க் கீழே இருக்கு. ஸ்பானிஷ் தெரியாட்டியும் கடைசி ரெண்டு நிமிஷம் கேளுங்க. நடுவுல கைத்தட்டல் கேக்கும்.