லண்டன் குளத்தோரம் ஒரு சேம்புச் சொந்தம்

ஜூன் மாதம் லண்டன் தோட்டங்களில் புனல்போல் சுருண்ட வெள்ளைப் பூவைப் பார்த்திருப்பீர்கள். காலா லில்லி. தென்னாப்பிரிக்கச் சதுப்பு நிலத்துச் செடி. நம் சேம்பு, சேனைக்கிழங்கின் குடும்பம். கொடைக்கானல் ஓடைக்கரைகளில் தானாகவே மண்டிக் கிடக்கிறது.

வெள்ளையாகத் தெரிவது இதழல்ல, மடல். உள்ளே நிற்கும் மஞ்சள் தண்டை உற்றுப் பாருங்கள்: அசல் பூக்கள் பொடிப்பொடியாக அதில்தான் ஒட்டியிருக்கும்.

லண்டன் குளிருக்கு ஏற்றது சசெக்ஸ் ஊர்ப் பெயர் கொண்ட ‘க்ரோபரோ’ ரகம். ‘க்ரீன் காடஸ்’ மடலில் பச்சை படரும். பூச்சாடியில் அழகுதான், தோட்டத்திலோ இலையோடு இலையாக மறைந்துவிடுகிறது!

குளத்தோரம், கிழங்கு தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்தால் உறைபனி எளிதில் தாக்காது. சேம்பைப் போலவே சாறு அரிக்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் கவனியுங்கள்.