கண்மாயும் கற்கோயிலும்
புதுக்கோட்டைச் சீமையின் வரலாறும் வளமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளோம். நம் ஊரைப் பற்றி நமக்கே சொல்ல வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். நாள்தோறும் காணும் பொருளின் அருமை நம் கண்ணுக்குப் படாமற் போவது உலக இயல்பு. நம் கண்மாய்க் கரையில் நிற்கும் கல் எத்தனை நூற்றாண்டு பழையது என்பதை அறிந்துகொண்டால், அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் தானே பிறக்கும்.

முதலில் நிலத்தின் இயல்பைப் பார்ப்போம். வடக்கிலும் மேற்கிலும் திருச்சிராப்பள்ளி, வடகிழக்கில் தஞ்சை, தென்மேற்கில் சிவகங்கை, தெற்கில் இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் சூழ, கிழக்கே பாக் நீரிணை அலைவீச அமைந்தது இம்மாவட்டம். பரப்பு 4,663 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் 16,18,345 பேர். மேற்கே விராலிமலை, நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கங்களில் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. நடுவே செம்மண் மேடு. கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய கடற்கரை ஊர்கள். வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு எனும் ஆறுகள் உண்டெனினும், அவை மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாறுகளே. கல்லணைக் கால்வாயின் வழியே காவிரி நீர் பெறும் பேறு அறந்தாங்கிப் பகுதிக்கு வாய்த்தது. ஏனைய பெரும்பகுதி வானம் பார்த்த பூமியே.

ஆண்டொன்றுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையாகச் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைத் தடுத்து நிறுத்தினால் ஆண்டு முழுதும் வாழலாம். விட்டுவிட்டால் கடலுக்குப் போய்விடும். இதை உணர்ந்த நம் முன்னோர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிக் கண்மாய்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தனர். மேலைக் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக வழியும் நீர் கீழைக் கண்மாய்க்கு வரும். இவ்வாறு அமைந்த கண்மாய்களும் குளங்களும் இம்மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை. புதுக்கோட்டை நகரை அடுத்த கவிநாட்டுக் கண்மாய் அவற்றுள் பெரியவற்றுள் ஒன்று.

கண்மாயின் உட்புறம், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்கள் குறுக்குச் சட்டங்களோடு நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதற்குக் குமிழி என்று பெயர். தூண்களின் அடியில் கல்லால் ஆன தொட்டியும் அதில் துளையும் உண்டு. துளையை அடைத்திருக்கும் தண்டை மேலே தூக்கினால் நீர் உள்ளே இறங்கி, கரையின் அடியிற் செல்லும் மதகு வழியாக வயலை அடையும். அடிமட்டத்தில் நீர் செல்வதால் வண்டலும் உடன் சென்று வயலுக்கு உரமாகும். கண்மாயும் எளிதில் தூர்ந்துவிடாது. இத்தகைய குமிழித் தூண்கள் பலவற்றில், ஆயிரம் ஆண்டுக்கு முன் அவற்றை அமைத்தோரின் பெயர்கள் கல்வெட்டாக இன்றும் உள்ளன.

நீரைக் காத்த அதே மக்கள் கல்லையும் பேச வைத்தார்கள். சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர் தங்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிக் கல்வெட்டு உண்டு. அதே குன்றிலுள்ள அறிவர் கோயிலை, கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் புதுப்பித்தார். அங்குக் கூரையில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திரிகின்றன, மாந்தர் பூக்கொய்கின்றனர்.

குடுமியான்மலையில் பண்களின் சுரக்கோவைகளை ஏழு பகுதிகளாகப் பொறித்த கல்வெட்டு உள்ளது. இந்திய இசை வரலாற்றை ஆராய்வோர் அனைவரும் தேடிவரும் கல் அது. கொடும்பாளூரில் இருக்குவேளிர் குடித் தலைவனான பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று இரண்டு கோயில்களே முழுமையாக எஞ்சியுள்ளன. திருமயத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில்கள் அமைந்துள்ளன; குன்றின் மீதுள்ள கோட்டை 1687இல் சேதுபதி மன்னர் ஆட்சியில் எழுந்தது. ஆவுடையார்கோயிலின் கற்கொடுங்கையை வியவாதார் இல்லை. பொற்பனைக்கோட்டையில் 2023இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது.

இவற்றுள் நமக்குச் சிறந்த பாடம் தருவது நார்த்தாமலை. அங்குள்ள விசயாலய சோழீச்சரத்தைச் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதிஅரையன் கட்டினான். அது மழையால் இடிந்தபோது மல்லன் விடுமன் என்பான் அதைச் செப்பனிட்டான். இச்செய்தியை அக்கோயிலின் கல்வெட்டே கூறுகிறது. கட்டியவன் பெயரோடு பழுது பார்த்தவன் பெயரையும் கல்லில் வெட்டிய நாடு இது. பராமரிப்பை இரண்டாந்தர வேலையாக நம் முன்னோர் கருதவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிற்காலத்தில் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டை, அம்மன் காசு என்னும் தனி நாணயம் வெளியிட்டது. 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தஞ்சை மாவட்டத்துப் பகுதிகளும் சேர, 1974 சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமானது. 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் உள்ளது. பள்ளிப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1886இல் பிறந்த ஊரும் புதுக்கோட்டையே.

அன்பர்களே! இச்செல்வங்களுக்கு இன்று நேர்ந்துள்ள நிலை என்ன? ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் கண்மாயின்மீது நமக்கிருந்த அக்கறை குறைந்தது. வரத்து வாரிகள் தூர்ந்தன. சில இடங்களில் வயலாகவும் மனையாகவும் மாறின. கண்மாயில் நீர் நில்லாததால் ஊற்று ஆழத்துக்கு இறங்கியது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் பூவும் பலாவும் தென்னையும் வளர்ப்போர் பல நூறு அடி ஆழத்திலிருந்து நீரை இறைக்கின்றனர். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அத்தோப்புகளைச் சாய்த்தது. சாய்ந்த மரத்துக்கு மாற்றாக வைத்த கன்று பிழைக்க வேண்டுமானால் அடிநிலத்தில் ஈரம் வேண்டும். அந்த ஈரம் கண்மாயிலிருந்தே வரவேண்டும்.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21ஆம் நாள் இம்மாவட்டத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நீர் வரும் நாளில் அதைத் தேக்கி வைக்கவும் கண்மாய்தான் வேண்டும். ஓட்டைச் சாலில் நீர் வார்த்துப் பயனில்லை அன்றோ?

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் பஞ்சாயத்து ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. ஒவ்வோர் ஊரும் தன் கண்மாயின் கரை, மடை, கலிங்கு, வரத்து வாரி ஆகியவற்றை நடந்து பார்த்து, குறைகளை எழுதி, மார்ச் 22ஆம் நாள் தண்ணீர் நாள் கிராம சபையில் வைக்கட்டும். தூர் வாரும்போது இயந்திரம் குமிழித் தூணைப் பெயர்த்துவிடாமல் ஒருவர் அருகில் நிற்கட்டும். எழுத்துள்ள கல் வெளிப்பட்டால் சுண்ணாம்பு அடிக்காமலும் துணி துவைக்கும் கல்லாக ஆக்காமலும் வட்டாட்சியருக்கு அறிவியுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கல் வெட்டுவதும் கட்டடம் எழுப்புவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. குன்றின் ஓரத்து ஊர்கள் இதை மறவாதிருத்தல் நலம். நீர் குறைந்த ஆண்டில் நெல்லையே நம்பாமல், வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தார் தந்த உளுந்து வகைகளை விதைப்பதும் அறிவுடைமையாகும்.

இவை நம்மால் ஆகுமா என்று ஐயுற வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, இம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்று, ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் ஊர்ச்சாலைகளில் ஓட்டிச் சென்றனர். அந்த ஊக்கம் உடைய மக்களுக்கு ஒரு வாரியைத் திருத்துவது அரிதன்று.

சித்தன்னவாசல் கூரையில் தீட்டிய குளம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வற்றாமல் இருக்கிறது. நம் ஊர்க் குளத்தையும் வற்றாமல் வைத்திருக்க அடுத்த மழைக்கு முன்பே பணியைத் தொடங்குவோமாக.