தோணிரேவு கூட்டத்தில் பேசியதிலிருந்து



கரண்ட் வேணாம்னு இங்க யாரும் சொல்லல. நம்ம வீட்லயும் விளக்கு எரியணும். ஆனா சுடுதண்ணிய எங்க விடுறது, சாம்பலை எங்க கொட்டுறதுன்னு கேட்டா, 'டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது'ங்குறாங்க.

எண்ணூர் பக்கம் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் மட்டும் 4,000 மெகாவாட்டுக்கு மேல. கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சது முதல்ல யாருக்குத் தெரிஞ்சது? சேத்துல இறங்கி இறால் தடவுனவங்க கைக்கு!

2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னாடியே அறிவிக்க வேண்டும். தமிழில் சுருக்கம் தர வேண்டும். சுருக்கம்தான்! சாம்பல் கணக்கு இருக்குற முழு அறிக்கை இங்கிலீஷ்ல.

முழு அறிக்கையும் தமிழில் வரட்டும். பழவேற்காட்டுக் கரையில உக்காந்து படிச்சுட்டு, அப்புறம் பேசுறோம்.