எந்தச் சோப்பு நல்லது?

அண்மையில் வைகை அணைப் பூங்காவைக் காணச் சென்றிருந்தேன். 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வணையின் அருகே, ஒரு சிறு கடையில், கல்லூரி மாணவியர் இருவர் வழக்காடிக் கொண்டிருந்தனர். மைசூர் சந்தன சோப்பே சிறந்தது என்றாள் ஒருத்தி; மெடிமிக்ஸே சிறந்தது என்றாள் மற்றவள். முன்னவளுக்கோ, நகம் பட்டால் வெண்கோடு விழும் வறண்ட தோல். பின்னவள் முகத்தில் எண்ணெய்ப் பசையும் பருக்களும். இருவரும் தத்தமக்கு ஏற்றதையே கூறினர். அதனை மற்றவர்க்கும் விதியாக்க முயன்றதுதான் பிழை.

இரண்டிற்கும் வரலாறு உண்டு. முதல் உலகப் போரினால் சந்தன ஏற்றுமதி தடைப்பட்டபோது, மைசூர் சமஸ்தானம் 1916-இல் சந்தன எண்ணெய் ஆலை நிறுவியது. அதன் பயனாய்ப் பிறந்தது அச்சோப்பு. அன்று திவானாக இருந்தவர், கிருஷ்ணராஜ சாகர் அணையோடு பெயர் இணைந்த விசுவேசுவரய்யா. மெடிமிக்ஸோ, 1969-இல் சென்னையில் இரயில்வே மருத்துவர் வி. பி. சித்தன், தோல் நோயால் வருந்திய தொழிலாளரை எண்ணி, தேங்காயெண்ணெயோடு மூலிகைகளைக் கூட்டிச் செய்தது.

நம் தோல் சிறிது அமிலத் தன்மை உடையது; சோப்பு காரத் தன்மை உடையது. ஆகவே அது அழுக்கோடு தோலின் இயற்கை எண்ணெயையும் கவர்ந்து செல்கிறது. தேங்காயெண்ணெய்ச் சோப்பு மிக நுரைத்துப் பசையை நன்கு அகற்றும். எண்ணெய் வழியும் முகத்திற்கு அது நலம். வறண்ட தோலையோ மேலும் வறட்டக்கூடும். வறண்ட தோலினர் உறையில் ‘டி.எஃப்.எம்.’ என்னும் கொழுப்பு அளவைப் பார்த்து வாங்குக. முதல் தரச் சோப்பில் அது 76 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர விதி. மைசூர் சந்தன சோப்பு அத்தரத்தது. எனினும், நறுமணமே ஒவ்வாத தோலும் உண்டு.

எப்படித் தெளிவது? ஒன்றை மட்டும் இரண்டு வாரம் பயன்படுத்துங்கள். குளித்து அரை மணி கழித்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் அச்சோப்பு கடுமையானது. அரித்தால் உடனே நிறுத்துங்கள். விலையை எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். இளமைப் பருவத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாய் இயங்குவதால் வருவது பரு; அதற்காக நாணி ஒளிய வேண்டியதில்லை. சீழ் வைத்துத் தழும்பானால், சோப்பை மாற்றிப் பயனில்லை, க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மருத்துவரை நாடுங்கள்.

நெல் வயலுக்கு வேண்டும் நீர் கடலைக் கொல்லைக்கு ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் மண்ணைப் பார்த்தே நீர் பாய்ச்சுகின்றனர். நீங்களும் விளம்பரத்தைப் பாராது, உங்கள் தோலைப் பார்த்துச் சோப்பைத் தேர்ந்தெடுங்கள்.